ஏரலைப் பார்க்காத பூச்சாடி

ஜெர்மனியில் ப்ரேமன் நகரத்தில் நான் ஒரு கடைக்காரன். ஆனால் என் கடையில் விற்கும் ஒரு பொருளையும் கையால் தொட்டதில்லை. எதிர்வீட்டு ஹெல்கா அம்மாள் கதவைத் தட்டி, பித்தளைப் பூச்சாடியை வாங்குமுன் ஒருமுறை பார்க்கலாமா என்றார். அலைபேசியில் படத்தைக் காட்டினேன். படம் பார்த்தாயிற்று, சாடியைக் காட்டு என்றார். சாடி என்னிடம் இல்லை என்றேன். விற்றுத் தீர்ந்துவிட்டதா என்று வருத்தப்பட்டார்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த வியாபாரத்துக்கு டிராப்ஷிப்பிங் என்று பெயர். என் இணையப் பக்கத்தில் ஒருவர் பணம் கட்டினால், அவர் விலாசத்தைச் சீனாவிலுள்ள ஆலைக்கு அனுப்புவேன். ஆலை விலை போக மிச்சம் எனக்கு. பெட்டி அங்கிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போகும். அனுப்புநர் இடத்தில் மட்டும் என் கடைப் பெயர். அதுவும் என்னுடையதல்ல, ஏரல் பஜாரில் அப்பா இன்னும் நடத்தும் பாத்திரக்கடையின் பெயர். பழைய கடை என்றால் நம்புவார்கள் என்று விலாசத்தோடு போட்டுக்கொண்டேன். அப்பாவுக்கும் பெருமைதான். அவர் எந்தப் பாத்திரத்தையும் விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்ட பிறகே கொடுப்பார். அவசரத்தில் நிற்கும் கல்யாண வீட்டாரும் அதுவரை காத்திருப்பார்கள். சின்ன வயதில் எனக்கு அது வெட்டிவேலையாகத் தெரிந்தது.

ஹெல்கா அம்மாளுக்காக என் கடையில் நானே ஒரு சாடி வாங்கினேன். மகள் குடிபோகும் வீட்டுக்குப் பரிசாம். அசல் பித்தளைதானா என்று இரண்டு முறை கேட்டிருந்தார். மூன்று வாரம் கழித்துப் பெட்டி வந்தது. அப்பாவை அழைத்து, அலைபேசிக்குப் பக்கத்தில் சாடியைச் சுண்டினேன்.

“இன்னொரு மட்டம் பைய சுண்டுலே,” என்றார். சுண்டினேன்.

“இது பித்தளை இல்லலே, முலாம் பூசுனது. நம்ம கடப் பேரப் போட்டா இத விக்குத?”

ஆலை பித்தளை என்றது, நானும் அப்படியே எழுதினேன். ஏமாற்றியது யார், ஏமாந்தது யார் என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்பா பேர் கெட்டது மட்டும் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. சாடியை இணையப் பக்கத்திலிருந்து நீக்கினேன், முன்பு வாங்கியவர்களுக்கும் எழுதினேன். பிறகு பெட்டியோடு ஹெல்கா அம்மாளிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதற்கென்ன, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பு, விலாசம் இருக்கிறதே என்று பெட்டியின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

அது ஏரல் விலாசம். இந்தச் சாடி ஏரலைப் பார்த்ததே இல்லை. ஆனால் அனுப்பினால் போய்ச் சேரும். அப்பா கையெழுத்துப் போட்டு வாங்குவார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்னும் செருப்பு அலமாரியின் மேல்தான் இருக்கிறது. பெறுநர் இடத்தில் என் பெயர், அனுப்புநர் இடத்தில் எங்கள் கடை. வெளியே போகும்போதெல்லாம் இரண்டையும் ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறேன்.