எங்களைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

இந்த ஊர் டிராமில் காலை நேரத்தில் உதடு அசைய முணுமுணுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து, வந்த புதிதில் ஜெபம் செய்கிறார்கள் என்றே நினைத்தேன். பாளையங்கோட்டையில் வளர்ந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? ஞாயிறு பள்ளித் தேர்வுக்கு டவுன் பஸ்ஸிலேயே பைபிள் சங்கீதம் ஒப்பித்துக்கொண்டு போன கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஒரு நாள் பக்கத்தில் இருந்த டை கட்டிய ஆளின் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மனிதர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகிறார். ஒப்பித்துக்கொண்டிருந்தது ஒரு கம்பெனியின் வரலாறு: அதை ஆரம்பித்தவர் யார், எந்தெந்த நாட்டில் கிளை, எந்த உயர்ந்த கொள்கைகளுக்காக அது நடக்கிறது என்று. இவ்வளவு பக்தியும் சவர பிளேடு செய்கிற ஒரு கம்பெனிக்கு.

ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பக்கம் படிக்க வந்தவள் நான். படிப்பு முடிந்து, வேலை தேடிக்கொள்ளக் கொடுத்த விசாவும் முடிகிற தறுவாயில், நானும் அந்த முணுமுணுப்புக் கூட்டத்தில் சேர வேண்டியதாயிற்று. வேலை கிடைத்தால் இங்கே இருக்கலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். வேலை தேடுகிறவர்களுக்கென்று நடத்திய வகுப்பில் ஃப்ராவ் லிண்ட்னர் என்ற ஆசிரியை திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: கம்பெனியை ஆராயாமல் போகாதீர்கள். அந்தத் தொழில் எப்படிப் போகிறது, போட்டிக்கு யார் இருக்கிறார்கள், எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு உற்சாகமாகிவிட்டது. "கம்பெனி வாசலில் காவலாளி இருப்பாரே, எதிரே ரொட்டிக் கடை இருக்குமே, அங்கே போய்க் கேட்கலாமா? ஆட்களை எப்படி நடத்துகிறார்கள், எதற்காக வேலையை விட்டுப் போகிறார்கள் என்று?" அந்த அம்மாள் திடுக்கிட்டுப் போனார். "ஐயோ, வேண்டாம். அது உளவு பார்ப்பது போலாகிவிடும். இணையதளத்தில்தான் எல்லாவற்றையும் அவர்களே எழுதியிருக்கிறார்களே!"

அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதுதானே வில்லங்கம்! எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதோ வீடு பிடிப்பதோ, விசாரிக்காமல் யாராவது காலை எடுத்து வைப்பார்களா? விசாரிப்பது என்றால் சம்பந்தப்பட்டவர்களைத் தவிர மற்ற எல்லோரிடமும் கேட்பது. அக்காவுக்கு ஏரல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரன் வந்தபோது, கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, மாப்பிள்ளை வீட்டார் சொன்ன பெருமைகளையெல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மறு வாரம் சொல்லாமல் கொள்ளாமல் ஏரலுக்கு பஸ் ஏறினார். கடைத்தெருவில் வெற்றிலைக் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தார். "பையன் தங்கம் அண்ணாச்சி. தகப்பனாருக்குத்தான் வாய் கொஞ்சம் நீளம். ஒங்க பொண்ணு பதிலுக்குப் பேசுமா?" என்றாராம் கடைக்காரர். "நல்லாவே பேசுவா" என்று அப்பா சொல்ல, "அப்பம் தைரியமாக் குடுங்க" என்று பதில் வந்தது. அதற்குள் அவர்களும் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். யாருக்கும் அதில் வருத்தமில்லை. இங்கேயோ, மாப்பிள்ளை வீட்டார் தம்மைப் பற்றித் தாமே எழுதிக்கொண்ட நற்சான்றிதழை மனப்பாடம் செய்து, அவர்களிடமே போய் ஒப்பிக்கச் சொல்கிறார்கள்.

எனக்கு அழைப்பு வந்த கம்பெனி, தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரங்கள் செய்வது. அதன் பெயர் எனக்குப் புதிதில்லை. அக்கா வாழ்க்கைப்பட்ட அந்த ஏரல் பக்கத்து ஊரில் சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் நீலப் பலகையில் பார்த்திருக்கிறேன். விண்ணப்பம் போட்டதே அந்தத் தெரிந்த பெயரை நம்பித்தான். இணையதளத்தைத் திறந்தால், 'எங்கள் சமூகப் பொறுப்பு' என்ற பக்கத்தில் தாமிரபரணிக் கரைக் கிராமம் ஒன்றுக்குத் தூய நீர் வழங்கிய கதை. நடுவில் பெரிய படம். படத்தில் கையில் தம்ளரோடு சிரித்துக்கொண்டிருந்தது சாட்சாத் என் அக்கா. சந்தோஷம் தாங்காமல் அவளைக் கூப்பிட்டேன். "எக்கா, அந்தத் தண்ணி மெஷினு நல்லா ஓடுதா?"

"எங்கனட்டி ஓடுது? வந்தாவ, மால போட்டாவ, தம்ளரக் கைல குடுத்து சிரிக்கச் சொன்னாவ. கொஞ்ச நாளு ஓடிச்சு. பெறவு உள்ள ஏதோ சல்லடை மாத்தணும்னாவ, அத அவியகிட்டதான் வாங்கணுமாம். பூட்டிச் சாவியக் கொண்டு போய்ட்டாவ. இப்பம் அந்த நெழல்ல ஆடு கெடக்கு. நாங்க கேன் தண்ணிதான் வாங்குதோம்."

ஆற்றங்கரையிலேயே இருந்துகொண்டு கேன் தண்ணீர் வாங்குகிற ஊர். அந்த ஊரின் சிரிப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தின் நடுவில் மாட்டியிருக்கிறார்கள். அதைப் பாராட்டி நான் நாலு வார்த்தை சொன்னால் வேலை.

நேர்முகத் தேர்வில் எதிரே இரண்டு பேர்: மனிதவளத் துறை அம்மாள் ஒருவர், நரைத்த தாடியோடு ஒரு பொறியாளர். எதிர்பார்த்த கேள்வியே முதலில் வந்தது: "எங்களைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" பல்லைக் கடித்துக்கொண்டு பிளேடு கம்பெனிக்காரர் மாதிரி கொஞ்சம் ஒப்பித்தேன். எந்தத் திட்டம் என்னை மிகவும் கவர்ந்தது என்று கேட்டபோது என்னால் முடியவில்லை. "தாமிரபரணித் திட்டம். ஆனால் அந்த இயந்திரம் ஓடவில்லை" என்றேன்.

"இந்தத் தகவல் எங்கே கிடைத்தது?" என்று கேட்டார் பொறியாளர்.

"என் அக்கா சொன்னாள்."

"அவர் எங்கள் போட்டிக் கம்பெனியில் இருக்கிறாரா?"

"இல்லை. உங்கள் இணையதளத்தில் இருக்கிறாள். தம்ளரோடு சிரிக்கிறவள் அவள்தான்."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "உங்கள் மக்கள் அதைச் சரியாகப் பராமரிக்கவில்லையோ என்னவோ" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பூட்டியது யார், சாவி யாரிடம், சல்லடை யாரிடம் மட்டும் கிடைக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். வேலை போனது, விசாவும் போனது என்று எண்ணிக்கொண்டுதான் எழுந்தேன். அப்போது அந்த அம்மாள் முகமெல்லாம் மலர்ச்சியாக, "அருமை! இணையதளத்தைத் தாண்டி விசாரித்துவிட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான்" என்றார். நான் போட்ட சண்டைக்கு அவர் மதிப்பெண் போட்டிருக்கிறார்.

வேலை கிடைத்தது. அந்தச் செய்தி வந்த அன்றே இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். அக்காவைக் காணோம். அந்த இடத்தில் வேறு ஏதோ நாட்டுப் பெண்ணொருத்தி தம்ளரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு பூட்டைத் திறக்க ஆள் இல்லை, ஒரு படத்தை மாற்ற ஆள் இருக்கிறது! அந்தப் பெண்ணின் ஊரில் எந்த இயந்திரத்தின் நிழலில் ஆடு படுத்திருக்கிறதோ தெரியாது, விசாரிக்க எனக்கு அங்கே அக்கா இல்லை. ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடலாமா என்று வந்தது. கிழித்தால் நான் ஊருக்குப் போய்ச் சேருவேன், சல்லடை வந்து சேராது. கையெழுத்துப் போட்டேன். மனம் ஆறவில்லை.

அக்காவிடம் படம் போன கதையைச் சொன்னால் அவள் சிரிக்கிறாள். "எடுத்துட்டாவளா? நல்ல சேலையால்லா கெட்டியிருந்தேன். போவுது, ஒனக்கு வேல கெடச்சிட்டுல்லா, அது போதும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏட்டி, ஒங்க ஆளுவகிட்ட பையச் சொல்லி அந்தச் சாவிய மட்டும் வாங்கி அனுப்பப் பாரு" என்றாள். 'ஒங்க ஆளுவ' என்று அவள் இயல்பாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அந்த 'ஒங்க' உறுத்தியது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, வெளிநாட்டுத் திட்டங்களைப் பார்க்கிற பிரிவைத் தேடி மாடி ஏறினேன். அங்கிருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, அந்தத் திட்டம் 'வெற்றிகரமாக நிறைவு' என்று காட்டுகிறது, நீங்கள் எந்தத் துறை சார்பாகக் கேட்கிறீர்கள் என்றார். துறை சார்பாக இல்லை, அந்த ஊர்க்காரர்கள் சார்பாக என்றேன். அவர் என் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு பணிவாகவே சொன்னார்: "வெளியாட்களின் புகார்களைக் கீழே வரவேற்பறையில் வாங்குகிறார்கள்."

இறங்கிப் போனேன். அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, பார்வையாளர் வரிசையில் நின்றேன். காலையில் என் பெயர் சொல்லி வணக்கம் வைத்த அதே பெண்தான் மேசையில் இருந்தாள். என் முறை வந்ததும் ஒரு கணம் விழித்துவிட்டு, முறைப்படி கேட்டாள்: "எங்கிருந்து வருகிறீர்கள்?"

"ஏரல்" என்று எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.