டி. கார்ட்டர்

முந்திரிப் பழத்தைக் கடித்ததும் சாறு முழங்கை வரை வழியும், அரை நிமிடத்தில் தொண்டை கரகரவென்று பிடித்துக்கொள்ளும், உப்பைத் தொட்டுக்கொண்டால்தான் அந்தக் "காறல்" கொஞ்சம் அடங்கும். இதெல்லாம் தெரியாமல் வெள்ளைக் கவுனோடு எங்கள் அரியலூர்த் தோப்புக்குள் வந்து, முதல் பழத்திலேயே கவுனைக் கறையாக்கிக்கொண்டு இருமித் தள்ளியவள்தான் என் சிநேகிதி கார்ட்டர். "முந்திரிக் கறை லேசுல போவாதுடி" என்று திட்டிக்கொண்டே என் அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

ஒரு பெண்ணுக்கு இப்படியும் பெயரா என்று கேட்பீர்கள். அவள் அப்பா ஸ்டேஷன் மாஸ்டர், ஆங்கிலோ இந்தியர். மாற்றலாகி வந்து மகளை மூன்றாம் வகுப்பில் சேர்த்தபோது அவளுடைய சான்றிதழில் "டி. கார்ட்டர்" என்று இருந்தது. எங்கள் பக்கத்தில் முன்னால் நிற்கும் எழுத்து அப்பாவுடையது, பின்னால் வருவது பிள்ளையின் பெயர், ரா. செல்வி என்றால் ராமசாமி மகள் செல்வி, அதாவது நான். அந்த வழக்கப்படியே டீச்சரும் நினைத்துக்கொண்டு பதிவேட்டைப் பார்த்துக் கூப்பிட, மறுநாள் முதல் பள்ளிக்கூடம் முழுக்க "கார்ட்டர், வாடி!" என்றுதான் குரல். வீட்டில் அவளை "பேபி" என்பார்கள். இரண்டு பெயர் தெரிந்துவிட்டது, எனக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு சனிக்கிழமை அவர்களுடைய ரயில்வே "கோட்ரஸ்" வீட்டில் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டே, "அங்கிள், கார்ட்டர்ங்கிறது சாமி பேருங்களா?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"சாமி இல்லம்மா, வண்டிக்காரன்" என்றார். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தில் குதிரை வண்டியில் மூட்டை ஏற்றிப் பிழைத்த ஒருவரை ஊரார் அப்படிக் கூப்பிட்டார்களாம். அவர் வம்சத்தில் துணி தைத்தவரும் கார்ட்டர்தானாம், சிப்பாயாகக் கப்பலேறி இந்தியா வந்தவரும் கார்ட்டர்தானாம். "அவரு வண்டி ஓட்டுனாரு, நான் வண்டிக்குக் கொடி காட்டுறேன்" என்றவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "பள்ளிக்கூடத்துல இவள குடும்பப் பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்கன்னு எனக்குத் தெரியும். திருத்தச் சொல்லல. எனக்குப் பையன் இல்ல. இவ கல்யாணம் பண்ணிக்கிட்டா புருஷன் வீட்டுப் பேரு வந்துடும், எங்க பேரு என்னோட முடிஞ்சிடும். அதுவரைக்கும் ஊரே கூப்பிடட்டுமே."

அப்படியானால் அவளுடைய சொந்தப் பெயர் என்ன என்று அந்த நிமிடமே கேட்டிருக்க வேண்டும். என் புத்தியெல்லாம் தட்டில் மிச்சமிருந்த கேக்கில் இருந்தது.

வீட்டுக்கு வந்து, நம் குடும்பப் பெயர் என்னவென்று அம்மாவை நச்சரித்தேன். "நமக்கு ஏதுடி அதெல்லாம்? உங்கப்பா எழுத்து உன்னோட சரி, ஒம் புள்ளைக்கு வேற எழுத்து" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஏழாம் வகுப்பு முடிந்த கோடையில் அவர்கள் ஆஸ்திரேலியாவுக்கே போய்விடுவதென்று கிளம்பினார்கள். ரயில் நகரத் தொடங்கியதும் அழுகை தாங்காமல் பிளாட்பாரத்தில் ஓடிக்கொண்டே "கார்ட்டர்!" என்று கத்தினேன். அப்பா, அம்மா, மகள், மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். நான் கூப்பிட்டது ஒருத்தியை. அந்த ஆத்திரத்தில் கையாட்டக்கூட மறந்து நின்றேன். அதன்பின் அவளிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை.

போன மாதம் பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி அரியலூர் போனேன். தோப்பு மனைகளாகியிருந்தது, அந்த "கோட்ரஸ்" வரிசை இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. திரும்பி வந்ததும், அவளைத் தேடிக் கொடு என்று என் மகளிடம் கேட்டேன். செல்போனில் நெடுநேரம் தடவிப் பார்த்தவள், "கார்ட்டர்னு போட்டா உலகமே வருதும்மா. அதுவும் கல்யாணம் ஆயிருந்தா அந்தப் பேரே இருக்காது. அவங்க சொந்தப் பேரச் சொல்லு" என்றாள்.

"டி" என்றேன்.

"டின்னா?"

ஐந்து வருடம் ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, உன் பெயர் என்னடி என்று அவளை நான் கேட்கவில்லை.