வில்ஃப்ரெடோவின் பெயரைக் கூப்பிட்ட ஞாயிறு

எங்கள் மேட்டில் செனோவியாவின் வாய்க்குப் பயப்படாத ஆளே கிடையாது. காலையில் தள்ளுவண்டியில் சுடச்சுட வாற்கோதுமைக் கஷாயம் விற்பாள். விற்று முடிந்ததும் மனநல மையத்தின் தொண்டராக நோயாளிகளின் வீடுகளுக்குப் படியேறத் தொடங்கிவிடுவாள். லிமா நகரின் இந்த மலைச்சரிவு முழுக்க மையத்துக்கு ஒரே ஒரு நர்ஸ்தான். ஊசி மருந்து வராத மாதங்களில் செனோவியா மையத்து வாசலில் உட்கார்ந்து கத்துவாள். மருந்து வந்துவிடும்.

பௌலினாவின் மகன் வில்ஃப்ரெடோவுக்குக் காதில் குரல்கள் கேட்டன. ஊசி போட்டுப் போட்டுக் குரல்கள் அடங்கின. ஆனால் அவன் வாசலைத் தாண்டவில்லை. மகன் உள்ளேயே மக்கிப்போவான் என்று பௌலினா அழுதாள். செனோவியா போகும்போதெல்லாம் அவன் கேட்பது ஒன்றே ஒன்று:

"ஞாயித்துக்கிழமை என் பேரைக் கூப்பிட்டாங்களாக்கா?"

ஞாயிறு ஊர்வேலை. எல்லோரும் சேர்ந்து படிக்கட்டு கட்டுவோம். தலைவர் அபெலார்டோ பெயர் கூப்பிடுவார். வராதவர்களுக்குத் தண்டனையாகக் கூடுதல் கல்சுமை. வில்ஃப்ரெடோவின் பெயரை மட்டும் விட்டுவிடுவார். பாவம், நோயாளிப் பிள்ளையாம். நாங்களும் தலையாட்டினோம். எவ்வளவு பெரிய மனசு எங்களுக்கு!

ஒரு ஞாயிறு செனோவியா பாய்ந்தாள். "ஏன் தலைவரே, அந்தப் பையன் என்ன செத்தா போயிட்டான்?"

"ஐயையோ, பாவமேன்னுதான்மா..."

"உங்க பாவத்தை சிமென்ட்ல போட்டுக் குழைங்க! பேரைக் கூப்பிடுங்க. அவன் வீட்டுக்குக் கேக்கணும்."

அபெலார்டோ தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். தகரக் கதவு கிறீச்சிட்டது. வெளுத்த முகத்தோடு அவன் வெளியே வந்தான்.

"இருக்கேன். மண்வெட்டி யாரு தருவா?"

நான் நீ என்று ஆளாளுக்கு நீட்டியதில் ஒன்று என் கால்விரலில் விழுந்தது. வலிக்கவே இல்லை!

அதற்குப் பிறகு பல மாதம் அவன் ஒரு ஞாயிறும் தவறவில்லை. நடுவில் ஊசி தாமதமாகிக் குரல்கள் மறுபடி கேட்டபோது செனோவியாவே துணைக்கு நின்று கல் எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் விடிய விடிய ஆடிவிட்டு ஆள் தூங்கிப்போய்விட்டான். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் வரவில்லை.

அபெலார்டோ செனோவியாவைப் பார்த்தார்.

"என்னை என்ன பாக்குறீங்க? ஊருக்கு ஒரு சட்டம், அவனுக்கு ஒரு சட்டமா?"

"வில்ஃப்ரெடோவுக்குத் தண்டனை!" என்று அறிவித்தார் தலைவர்.

வரிசையில் நின்ற பௌலினா வாளியைக் கீழே போட்டாள். செனோவியாவைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். அடுத்த நொடி வீட்டைப் பார்த்துப் படிகளில் ஓடினாள்.

"எந்திரிடா சோம்பேறி! ஊரே உன்னைத் திட்டுதுடா!"