இரண்டு கூச்சங்கள்

நான் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறவள். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்துவிட்டால் போதும், அதைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைப் பாடாய்ப்படுத்திவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கே ஒரு சாதாரணச் சொல் அரை மணி நேரம் பிடிபடாமல் போனது, என் மகளுக்கு ஐந்து வயதானபோது.

அவள் வயிற்றில் வந்த கட்டிக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. திருக்கோகர்ணத்தில் பஸ் ஏறினால் யாராவது ஒருவர் முடி கொட்டிப்போன அவள் தலையைத் தடவி, "எந்தக் கோயில்ல பாப்பா மொட்டை?" என்று கேட்பார். அவள் என் முந்தானைக்குள் புகுந்துகொள்வாள். "கூச்சப்படக் கூடாது. பெரியவங்க கேட்டா பதில் சொல்லணும்" என்று நான் வெளியே இழுத்துவிடுவேன். நடத்திய பாடம் மாணவி மண்டையில் ஏறிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்துத் தரவிருந்த மருந்து எலும்பு மஜ்ஜையையும் வாட்டிவிடும். அதனால் ரத்தத்தை உண்டாக்கும் மூல அணுக்களை முன்கூட்டியே அவளிடமிருந்து எடுத்து, உறைய வைத்துக் காத்து, பிறகு அவளுக்கே திருப்பிச் செலுத்த வேண்டும் என்றார் திருச்சி டாக்டர்.

"என்னோடத எனக்கே குடுக்குறதுக்கு, எதுக்கு எடுக்கணும்?" என்றாள் மகள்.

டவுன் பஸ் கண்டக்டரான என் கணவர், எடுக்கிற விதத்தைத் தன் தொழில் பாஷையில் சொன்னார்.

"ஒன் ரத்தம் கொஞ்சங் கொஞ்சமா பஸ் ஏறி மிஷினுக்குப் போகும். மிஷின்தான் கண்டக்டர். வேணுங்கிற ஆள மட்டும் எறக்கிக்கிடும். மத்தவங்க அதே பஸ்ல ஒங்கிட்டயே திரும்பி வந்துருவாங்க."

"சில்லறை இல்லாதவங்கள நீங்க எறக்கி விடுவீங்களே, அது மாதிரியா?"

"நான் எப்ப ஆத்தா எறக்கி விட்டேன்?" என்று அவர் என்னைப் பார்த்தார். அவளிடம் அப்படிச் சொல்லி வைத்திருந்த நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அணுக்களை எடுத்த நாளில் எல்லாம் முறையாகவே நடந்தது. சிறு குழந்தையின் உடலில் இருக்கும் ரத்தமே கொஞ்சம். அதில் ஒரு பங்கு இயந்திரத்தின் குழாய்களில் நின்றுவிட்டால் தாங்காது. ஆகவே பொருத்தம் பார்த்த தான ரத்தத்தால் குழாய்களை முதலில் நிரப்பிவிட்டு, அவள் கழுத்தருகே முன்பே பொருத்தியிருந்த குழாயோடு இணைத்தார்கள். போர்வைக்கு மேல் போர்வை போர்த்தினார்கள். டாக்டர் எங்களை எச்சரித்தது ஒன்றைப் பற்றித்தான். குழாயில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்து, உடம்பின் கால்சியத்தை இறக்கிவிடும். கால்சியம் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தாலும் சில குழந்தைகளுக்கு அது போதாது. மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். முதல் அறிகுறி உதட்டில் தெரியும். அதைக் குழந்தைதான் சொல்ல வேண்டும்.

இயந்திரத்தைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் நாகர்கோவில் பக்கத்துக்காரர். சில நிமிடங்களுக்கு ஒருமுறை குனிந்து கேட்டார்: "கூச்சமா இருக்கா மக்ளே?"

"இல்ல."

மறுபடி கேட்டபோது, "இல்லவே இல்ல." மூன்றாவது முறை, மார்பை நிமிர்த்த முடியாத நிலையிலும் குரலை நிமிர்த்திக்கொண்டு, "எனக்கு யாருகிட்டயும் கூச்சமே கெடையாது!" என்றாள். அறையே சிரித்தது. என் வளர்ப்பை நினைத்து நானும் பெருமையாகச் சிரித்தேன்.

சிரித்து முடித்தபோதுதான் கவனித்தேன். அவள் கீழுதட்டைப் பல்லால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒதட்டுல என்னடி?"

"கோலி சோடா ஊத்துன மாதிரி சுர்ருங்குதும்மா."

"எப்பயிருந்து?"

"மொதல்லயே."

"ஆன்ட்டி அத்தனை தடவை கேட்டாங்களே, சொல்ல வேண்டியதுதானே?"

"அவங்க சோடாவப் பத்திக் கேக்கலயே. கூச்சமா இருக்கான்னுதான கேட்டாங்க? நீதான கூச்சப்படக் கூடாதுன்ன!"

அவள் முடிப்பதற்குள் நர்ஸின் கை இயந்திரத்துக்குப் போய்விட்டது. ஓட்டத்தைக் குறைத்தார், டாக்டரை அழைத்தார், கால்சியத்தைக் கூட்டினார்கள். திரையில் ஓடிய துடிப்பின் கோட்டை விட்டு என் கணவர் கண்ணெடுக்கவில்லை. நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல் கூசினால் அதுவும் கூச்சம்தான் என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்!

கால் மணி நேரத்தில், "சோடா தீந்து போச்சு" என்றாள். அதன் பிறகு நர்ஸ் கேள்வியை மாற்றிக்கொண்டார்: "சோடா வருதா மக்ளே?" அன்று முழுவதும் அதற்கு ஒழுங்கான பதில் கிடைத்தது. மாலைக்குள் வேண்டிய அளவு அணுக்களும் கிடைத்தன. தக்காளி ரசத்தின் நிறத்தில் ஒரு சிறு பை.

"இம்புட்டுதானா?" என்று மகள் உதட்டைப் பிதுக்கினாள்.

"வண்டி நெறையக் கூட்டம். எறங்குனவங்க இம்புட்டுப் பேருதான்" என்றார் கணவர். வெளியே வந்ததும் என் காதருகே, "தமிழ் டீச்சருக்கே தமிழ் வெளங்கலயே" என்றார். இன்றுவரை சொல்கிறார்.

அந்தப் பை உரிய நேரத்தில் அவள் உடம்புக்குள் திரும்பிப் போய், தன் வேலையைப் பார்த்தது. இப்போது அவள் இரண்டாம் வகுப்பு, இரட்டைச் சடை. போன மாதம் பள்ளி விழாவில் மேடையேறி நான்கு வரி பேசிவிட்டு இறங்கி ஓடி வந்தாள்.

"எப்படிடி இருந்துச்சு?"

"மைக் முன்னாடி நின்னப்ப கொஞ்சம் சோடா வந்துச்சும்மா."

ஒரு கணம் என் கை அவள் உதட்டுக்குப் போய்விட்டது. பிறகுதான் புரிந்தது, இந்தமுறை வந்தது மற்றக் கூச்சம்.