வேலிக்காடு எரிந்த கோடை

எங்கள் கிணறு போடிநாயக்கனூருக்கு மேற்கே, மலை இறங்கித் தரையைத் தொடும் இடத்தில் இருந்தது. அதற்கு மேலே இரண்டு சரிவுகள், இரண்டு ஓடைகள். எழுபதுகளின் நடுவில் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து, கிணற்றுக்கு நேர் மேலே இருந்த சரிவை முள்கம்பி போட்டு அடைத்தார்கள். மரக்கன்று நட்டார்கள். சரிவுக்குக் குறுக்கே நீளநீளமாகக் குழி வெட்டினார்கள். ஓடையில் தண்ணீரை அளக்க ஒரு சின்னச் சுவரும் எழுப்பினார்கள். பக்கத்துச் சரிவை மட்டும் ஆடுமாடு மேய அப்படியே விட்டுவிட்டார்கள். எந்தச் சரிவு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கவாம். கம்பி போட்ட சரிவுக்கு ஊரில் வேலிக்காடு என்று பெயர். என் வீட்டுக்காரருக்கு அங்கே காவல் வேலை கிடைத்தது.

அந்த மனுசன் காவல் காத்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். என் தாய்மாமன் ஆடு உள்ளே நுழைந்ததென்று பிடித்துக் கட்டிப்போட்டார். தாய்மாமன் இரண்டு பொங்கலுக்கு எங்கள் வாசல் மிதிக்கவில்லை. "மண்ணு குடிச்ச தண்ணிதான் மெதுவா உங்க கிணத்துக்கு இறங்கும்" என்று ஆராய்ச்சி அதிகாரி ஒருமுறை சொன்னது இவருக்கு வேதவாக்கு. ஆனால் பலன் தெரிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தை மாதமே தரை தட்டுகிற கிணற்றில், சில வருசம் கழித்து, மாசி கடந்தும் தண்ணீர் நின்றது. நானும் நம்பத் தொடங்கினேன்.

பிறகு மழை பொய்த்தது. அடுத்த வருசமும் பொய்த்தது. பக்கத்துச் சரிவு மொட்டையடித்த தலையாகக் கிடக்க, வேலிக்குள் மட்டும் புல் இடுப்பளவு காய்ந்து நின்றது. எங்கள் பசுவுக்கு விலா எலும்பை எண்ணலாம்.

"ஏங்க, ஒரு கட்டு அறுத்துக்கிட்டு வெரசா வந்துர்றேன். மாடு நிக்க மாட்டாம விழுகுது" என்றேன்.

"புல்லு நின்னாத்தான் மண்ணு நிக்கும். மண்ணு நின்னாத்தான் நமக்குக் கிணறு. கிணறு போச்சுன்னா மலைமேல ஏலக்காய்த் தோட்டத்துக் கூலிதான் பாத்துக்க."

மாட்டைச் சந்தைக்கு ஓட்டினோம். அன்றைக்கு நான் அவருக்குச் சோறு போடவில்லை.

கோடையில் மலைப்புல்லுக்குத் தீ வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மேய்ந்து மிச்சமான புல் தரையோடு எரிந்து அடங்கும். முதல் மழைக்குத் தளிர் வரும். அந்தப் பங்குனியில் யாரோ வேலிக்காட்டுக்கும் அப்படித்தான் வைத்தார்கள். ஆனால் அங்கே இருந்தது எத்தனையோ வருசத்துப் புல். தீ மரத்தில் ஏறியது. பட்டப்பகலில் மலை இருண்டது. இவர் பச்சைக் கிளையை ஒடித்து அடித்துப் பார்த்துவிட்டு, புருவமெல்லாம் பொசுங்கித் திரும்பி வந்தார். செத்த வீட்டில் அழுவதுபோல் நான் வாய்விட்டு அழுதேன்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் கோடைமழை கொட்டியது. எரிந்த சரிவின் ஓடை கரை புரண்டு வந்தது. மேய்ச்சல் சரிவின் ஓடையிலோ முழங்காலளவுதான். ஊரே ஓடிவந்து பார்த்தது. கரையில் ஒருவர் சூடம் ஏற்றினார்.

"பாத்தியாண்ணே! இம்புட்டு நாளும் வேலியப் போட்டுல்ல தண்ணிய அடச்சு வச்சிருக்காங்கெ! தீ வச்சதும் எப்பிடி வருது பாரு!" என்று கூட்டத்தில் ஒரு பையன் இவரைப் பார்த்துக் கூவினான்.

"தண்ணியாடா அது? மலையே கரைஞ்சு வருதுடா!" என்று இவர் தொண்டை கிழியக் கத்தினார். யார் காதில் விழும்? நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்புச் சேறும் மணலுமாக எங்கள் கிணறு தூர்ந்தது. விடிந்து பார்த்தால் ஓடையில் ஈரம்தான் மிச்சம். தூர் வாரிப் பார்த்தோம். அள்ள அள்ளப் பக்கச் சுவர் சரிந்தது. ஆராய்ச்சிக்காரர்களும் கம்பியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஆடியில் போடிமெட்டு மலைக்குப் போகும் ஜீப்பில் சட்டிபானையோடு நாங்களும் தோட்டக் கூலிக்கு ஏறினோம்.

அடுத்த பங்குனியில் ஒரு கல்யாணத்துக்காக மலையிறங்கினோம். வளைவுகளில் ஜீப்பு திரும்பும்போதெல்லாம் கீழே புகை தெரிந்தது. ஒரு சரிவில் இல்லை, கண்ணுக்கு எட்டிய சரிவிலெல்லாம்.

பக்கத்தில் எங்கள் ஊர்க்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். "நம்மூரு ஆளுகதான் மதினி. இந்த வருசம் தண்ணிக்குக் கவலையில்ல. கம்மாயத் தூர்வாரப் போற மாதிரி வீட்டுக்கு ஒரு ஆளாப் போயி தீ வச்சாக" என்றாள்.

இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே பார்த்தார்.

"நீங்கதான் ஊருல இல்லாமப் போயிட்டீக. ஆனாலும் உங்க வீட்டுப் பங்கு விட்டுப்போகக் கூடாதுல்ல? உங்களுக்கும் சேத்து உங்க கொழுந்தன் வச்சுட்டாரு" என்றாள்.

சொல்லிவிட்டு, நான் சந்தோசப்படுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.