பாதித் திருகில் நிற்கும் மூடி

“…அப்ப ரேடியேற்றர் மூடியைப் பாதியில விட்டுட்டு றோட்டுக்கரையில நிண்டு காத்து வாங்கிறது எங்கட பரம்பரைப் பழக்கம் எண்டே வைப்பம், அண்ணை. நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா எனக்கு இனி ஏலாது. அங்கால பக்கத்தால வாற முதல் பஸ்ஸில ஏறி நான் வீட்டை போறன். உந்த ஆஸ்பத்திரிக்கும் இனி வரமாட்டன்.”

என் மனைவி இதைச் சொன்னது தன் மூத்த அண்ணனிடம், அதாவது என் மச்சானிடம். வவுனியாவுக்குப் போகும் பெருவீதியில், புளியங்குளம் கழிந்து கொஞ்சத் தூரத்தில், அவருடைய பழைய வான் அன்று காலை இரண்டாவது தடவையாகக் கொதித்து நின்றது. முன் இருக்கையைத் தூக்கி விட்டிருந்தோம். அதன் கீழே இருந்த எஞ்சினிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, கைப்பையைத் தோளில் கொழுவிக்கொண்டு வீதியைக் கடந்து, எதிர்ப்பக்கத்தில் நின்ற ஒரு பாலை மரத்தின் கீழே போய் நின்றாள்.

அவள் சத்தம் போடவில்லை. இத்தனை வருடம் கூட வாழ்ந்ததில் எனக்கு ஒன்று தெரியும். அவள் சத்தம் போட்டால் பயமில்லை. பின்னேரத்துக்குள் தேத்தண்ணி வந்துவிடும். குரலை இறக்கிக் கதைத்தால்தான் யோசிக்க வேண்டும். ஒரு காணியை வாங்க வேண்டாமென்று முன்பொருமுறை அப்படித்தான் குரலை இறக்கிச் சொன்னாள். அந்தக் காணிப் பக்கம் நாங்கள் பிறகு திரும்பியும் பார்க்கவில்லை.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு நாள் வவுனியாவில் இயந்திரத்தோடு படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்து எடுக்க வேண்டும். நாங்கள் இருப்பது ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, ஒரு குளத்துக்குக் கீழே. விடியமுதல் வெளிக்கிட்டால்தான் காலை முறைக்குப் போய்ச் சேரலாம். பிந்தினால் அந்தக் கட்டிலில் காத்திருக்கும் இன்னொருவரைப் படுக்க வைப்பார்கள். அதைப் பிழை சொல்ல முடியாது, அவருக்கும் இதே சிறுநீரக வருத்தம்தானே. ஒருமுறை அப்படித் தவறிப் போனபோது கால் இரண்டும் வீங்கி, படுக்க முடியாமல், கதிரையில் நிமிர்ந்திருந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். ஒரேயடியாக நிற்பாட்டினால் என்ன ஆகும் என்பதையும் டாக்குத்தர் எங்கள் இருவரையும் முன்னால் வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். ஆகவே அவள் “இனி வரமாட்டன்” என்றது, கோபத்தில் சாப்பாடு வேண்டாமென்று சொல்வது போன்றதல்ல.

அங்கே பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு ஐயா வருவார். முதல்நாள் என்னைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, எனக்குக் கடைசி காலத்தில அரசாங்க உத்தியோகம் கிடைச்சிருக்கு. கிழமைக்கு ரெண்டு நாள் டியூட்டி. லீவும் இல்லை, பென்சனும் இல்லை.” நான் ஆட்களுடைய இப்படிப்பட்ட கதைகளைப் பொறுக்கி வைக்கிறவன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் பஸ் நிலையத்திலும் ஆஸ்பத்திரி வாங்கிலும் காதால் வாங்கியது. ஐயாவின் கதைக்கு அன்று வாய்விட்டுச் சிரித்தேன். இப்போது மனைவிக்குக் கட்டிலில் டியூட்டி, எனக்கு அவளுக்குக் காவல் டியூட்டி, மச்சானுக்குச் சாரதி டியூட்டி. மூன்று பேருக்கும் அலுத்துவிட்டது. ஒருவர் மற்றவரிடம் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இந்த வருத்தத்தில் தண்ணீரையும் அளந்துதான் குடிக்க வேண்டும். ஒரு சின்னப் போத்தல், அதுதான் முழு நாளுக்கும். வெயில் காலத்தில் ஐஸ்கட்டி ஒன்றை நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியபடி இருப்பாள். அப்படிப்பட்டவள் வானில் ஏறினால் காலடியில் இரண்டு பெரிய பிளாஸ்ரிக் கான் நிறையத் தண்ணீர், வானுக்கு. “நான் ஒரு கிழமைக்குக் குடிக்கிறதை இது ஒரு மடக்கில குடிக்குது. குடிச்சுப்போட்டும் மூச்சு வாங்குது. இதையும் எனக்குப் பக்கத்துக் கட்டிலில போடச் சொல்லுங்கோ” என்று கொஞ்சம் தெம்பாக இருந்த ஒரு நாளில் சொன்னாள். மச்சான்தான் அதற்கு அதிகம் சிரித்தார்.

அந்த வானில் எஞ்சின் முன் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. பின்னுக்கு இருந்தால் குலுக்கும் என்பதால் அவள் முன்னுக்குத்தான் இருப்பாள். கொதித்தால் முதலில் அவளை இறக்க வேண்டும். பிறகு இருக்கையைத் தூக்கி, சூடு ஆறும்வரை பார்த்துக்கொண்டு நின்று, ரேடியேற்றர் மூடியைத் திறந்து, தண்ணீரை மெல்ல மெல்ல விட வேண்டும். சூட்டோடு திறந்தால் முகம் போய்விடும். இயந்திரத்துக்குப் போகவேண்டிய மனுசி அவ்வளவு நேரமும் வீதியில் நிற்பாள்.

புளியங்குளத்தில் வாகனம் திருத்தும் கராச் ஒன்று இருக்கிறது. அதை நடத்துபவரின் தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்து இந்தப் பக்கம் குடியேறியவர்கள். போன மாதம் வானை அவரிடம் விட்டோம். றப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினார். மூடியையும் புதிதாகப் போட்டார். பிறகு மச்சானை அருகில் கூப்பிட்டு, “அண்ணே, எஞ்சின்ல ஒரு கொறையும் இல்ல. மூடியைத்தான் யாரும் முழுசா பூட்டுறதில்ல போல. குக்கர்ல விசில் போடாம பருப்பு வேகவெச்சா எப்படியிருக்கும்? ஆவி போய்க்கிட்டே இருக்கும், தண்ணி வத்திக்கிட்டே இருக்கும்” என்றார்.

எனக்கு இப்படியான கதை என்றால் விட மனம் வராது. பக்கத்தில் ஒரு பழைய டயரில் குந்தி இருந்து கேட்டுக்கொண்டேன். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஒரு சூட்டுக்கு வந்ததும் கொதித்து ஆவியாகிவிடும். எஞ்சினுக்கோ அந்தச் சூடு ஒரு பொருட்டில்லை, அதையும் தாண்டிப் போகும். மூடி இறுக்கமாகப் பூட்டியிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தின் கீழ் தண்ணீர் அதே சூட்டிலும் கொதிக்காமல், தண்ணீராகவே சுற்றிச் சுற்றி ஓடி எஞ்சினின் சூட்டை வெளியே கொண்டுவரும். ஆனால் அழுத்தம் அளவு மீறினால் குழாய் வெடிக்கும், அல்லது ரேடியேற்றர் பிளக்கும். அதற்குத்தான் மூடிக்குள் ஒரு ஸ்பிரிங். அளவு மீறும்போது அது மேலே எழும்பி, கொஞ்சத் தண்ணீரை ஒரு மெல்லிய குழாயால் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்ரிக் போத்தலுக்கு அனுப்பிவிட்டு, திரும்ப மூடிக்கொள்ளும். வண்டி ஆறும்போது மூடியின் நடுவில் இருக்கும் இன்னொரு சின்ன வாசல் திறந்து, போன தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அந்த மூடிக்கு இரண்டு படி. முதற் படியில் பார்த்தால் பூட்டியது போலத்தான் தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் றப்பர் இன்னும் போய்ப் பதியவில்லை. திறக்கும்போது ஆவி முதலில் வெளியே போகட்டும், ஆளின் முகத்தில் அடிக்கக்கூடாது என்பதற்காக வைத்த படி அது. அழுத்தித் திருகி இரண்டாம் படிக்குக் கொண்டுபோனால்தான் பூட்டு. மச்சான் காலம் முழுக்க முதற் படியோடு ஓடியவர்.

“இறுக்கினா வெடிக்காதுண்ணே. வெடிக்கக் கூடாதுன்னுதான் உள்ள ஸ்பிரிங் வெச்சிருக்கான்” என்று சொல்லி, கராச்காரரே அழுத்திப் பூட்டிக் காட்டினார். மச்சான் “ஓம், ஓம்” என்றார். அதற்குப் பிறகு சில பயணங்கள் வான் கொதிக்கவில்லை. அவள் போகும் வழியில் நித்திரையும் கொண்டாள். பிறகு மச்சான் ஒருநாள் காலையில் தண்ணீர் பார்க்கிறேன் என்று மூடியைத் திறந்தார். மூடும்போது பழையபடி முதற் படியிலேயே விட்டுவிட்டார். அதன் பிறகு எத்தனை சொன்னாலும், ஓம் என்று சொல்லிவிட்டு அதே படியில்தான் விடுவார். வேறு ஒருவரையும் அந்த மூடியில் கைவைக்கவும் விடமாட்டார்.

அன்றும் அதுதான் நடந்தது. நெடுங்கேணியில் ஒருமுறை கொதித்தது. தண்ணீர் விட்டு, அவர் மூடியைப் பழையபடி மூடினார். புளியங்குளம் தாண்டுமுன்னமே சூடு காட்டும் ஊசி திரும்பவும் ஏறத் தொடங்கிவிட்டது.

நாங்கள் இரண்டு பேரும் சூடு ஆறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இன்னும் நேரம் இருந்தது. கனக்க இல்லை. வீதியின் அந்தப் பக்கம் அவள் எங்களைப் பார்க்காமல் வடக்குப் பக்கமாக, வீட்டுப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் போய்ச் சமாதானம் சொல்லக் கால் எழும்பவில்லை. நானும் இரண்டொரு தடவை அந்த மரத்துக்குக் கீழே போய் நிற்க நினைத்தவன்தான்.

“குழாய் புதுசு, மச்சான்” என்றேன்.

“தெரியும்.”

“மூடியும் புதுசு.”

“அதுவும் தெரியும். கைக்குத்தான் தெரியேல்லை” என்றார்.

பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார். போரும் பொருளாதாரத் தடையும் இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் வான் ஓட்டியவர் அவர். குழாய் வெடித்தால் புதிதாக வாங்க முடியாது. சைக்கிள் ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டிச் சுற்றி, கம்பியால் கட்டுவார்கள். மூடியை இறுக்கினால் அழுத்தம் நேரே அந்தக் கட்டைத்தான் தேடிப் போகும். அதனால் எல்லாரும் பாதித் திருகோடு ஓடினார்கள். தண்ணீர் வற்றும், வற்றட்டும். வழியில் குளம் இருந்தது, கிணறு இருந்தது, வாளியோடு வர ஆட்கள் இருந்தார்கள். இவர்களுடைய தாயாரையும் அந்தப் பாதித் திருகோடுதான் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தார்.

“ஒருநாள் ஒருத்தன் உதவி செய்யிறன் எண்டு முழுக்கத் திருகிப் போட்டான், மச்சான். கொஞ்சத் தூரம் ஓடேல்லை, படார் எண்டுது. உள்ள ஒரு பிள்ளைத்தாச்சி. சைக்கிளில வைச்சு உருட்டிக்கொண்டு போனம்.”

“பிறகு?”

“பிறகென்ன, பிறந்துது. பெடிக்கு என்ர பேர்தான் வைப்பம் எண்டு சொன்னவை. வைக்கேல்லை.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மூடியின் மேல் பழந்துணியைப் போட்டு, முதற் படியில் நின்றதை மெல்ல அசைத்து, மிச்ச ஆவியை விட்டார். பிறகு கழற்றி, கானைச் சரித்துத் தண்ணீரை விடத் தொடங்கினார். அது குடித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் பஸ் வந்தது. முல்லைத்தீவு என்று முன்னுக்கு எழுதியிருந்தது. அவளைக் கண்டதும் வேகம் குறைத்து, மரத்தடியில் நின்றது. நடத்துநர் பின்கதவில் தொங்கியபடி கூப்பிட்டார்.

“ஏறுறதெண்டா ஏறுங்கோ அக்கா. நிண்டு நேத்திக்கடன் வைக்கிறதுக்கு இது கோயில் இல்லை.”

அவள் பஸ்ஸின் படியைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். மச்சான் பஸ் பக்கம் திரும்பவேயில்லை. கானை நிலத்தில் வைத்துவிட்டு மூடியைக் கையில் எடுத்தார். ரேடியேற்றரின் வாயில் வைத்துத் திருகினார். முதற் படி வந்தது. கை நின்றது. அங்கேயே நின்றது. விரல்கள் மூடியைப் பிடித்திருக்கின்றன, அழுத்தவுமில்லை, எடுக்கவுமில்லை. அவருடைய நெற்றி முழுக்க வேர்வை. எனக்கு அவரைப் பார்க்கவும் முடியவில்லை, அவளைப் பார்க்கவும் முடியவில்லை. எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீதியில் பஸ் உறுமிப் புறப்படும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம்.

அவள் வந்து அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றாள். இடது கையில்தான் இயந்திரத்தின் ஊசி ஏற்றுவதற்காக வெட்டித் தைத்திருக்கிறது, அந்தக் கையால் ஒரு பாரமும் தூக்கக்கூடாது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வலது கையை அண்ணனுடைய கைக்கு மேலே வைத்தாள். கையோடு சேர்த்து மூடியைக் கீழே அழுத்தி, இரண்டாம் படியில் போய் முட்டும்வரை திருகினாள். பிறகு இருக்கையை இறக்கும்படி எனக்குக் கண்ணால் காட்டி, ஏறி இருந்து, கதவைச் சாத்தினாள்.