மூக்கு சொன்னதும் மெஷின் சொன்னதும்

போன வாரம் எனக்கு ஒரு பெரிய அவமானம். கொரட்டூரில், எங்கள் ஃப்ளாட்டின் மோட்டார் ரூம் வாசலில், பட்டப்பகலில்!

நான் அசோசியேஷன் செக்ரட்டரி. தொட்டியில் ஏன் தண்ணீர் ஏறவில்லை என்று பம்ப் ஆபரேட்டர் முனுசாமியை நெருங்கி நின்று விசாரித்துக்கொண்டிருந்தேன். மனுஷன் இரண்டடி பின்னால் போனார். நான் இரண்டடி முன்னால் போனேன். சுவர் வந்துவிட்டது.

"அண்ணாத்தே, தப்பா நெனச்சிக்காத. கொஞ்சம் தள்ளி நின்னு பேசு. வாய் நாறுது. இன்னிக்கு நேத்து இல்ல, ரொம்ப நாளா நாறிக்கினுதான் கீது."

என் வாயா? தினம் இரண்டு வேளை தேய்க்கிற வாயா?

கொதித்துப்போனேன். 'மரியாதையில்லாமல் பேசும் பம்ப் ஆபரேட்டரை நீக்க வேண்டும்' என்று அன்று மாலையே ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டு கதவு கதவாகத் தட்டினேன். ஆச்சரியம்... ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. விளக்கலாம் என்று நான் வாயைத் திறந்ததுமே, "குடுங்க சார், குடுங்க சார்" என்று பிடுங்கிக் கையெழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

என்ன செல்வாக்கு எனக்கு!

தீர்மானத்தோடு ஒரு மருத்துவ ஆதாரமும் இருக்கட்டும் என்று அம்பத்தூரில் ஒரு பல் டாக்டரம்மாவைப் பிடித்தேன். மூச்சைச் சோதிக்க மெஷினே வைத்திருக்கிறாராம். "ரெண்டு நாள் பூண்டு, வெங்காயம் வேணாம். அன்னிக்குக் காலைல பல் தேய்க்காம வாங்க" என்று ஃபோனில் சொன்னார்கள்.

பல் தேய்க்காமல் ஒரு பெண்மணி முன்னால் வாயைத் திறப்பதா? விருந்தாளி வருகிறார் என்றால் துணி மூட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளுகிற பரம்பரை நான். மூன்று முறை தேய்த்தேன். மவுத்வாஷ் கொப்பளித்தேன். வழியெல்லாம் கிராம்பு மென்றேன். குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். மெஷின் கம்மென்று இருந்தது. வெற்றி!

டாக்டரம்மா முறைத்தார்.

"சார், டெஸ்ட் உங்க மூச்சுக்கா, கிராம்புக்கா? நாளைக்குத் தேய்க்காம வாங்க."

மறுநாள் பஸ்ஸில் கண்டக்டரிடம்கூட சைகைதான். ஊதினேன். மெஷினில் எண் ஏறியது... ஏறிக்கொண்டே இருந்தது. எங்கள் தொட்டியில் தண்ணீர்கூட அப்படி ஏறியதில்லை. டாக்டரம்மா தன் மூக்காலும் ஒருமுறை உறுதி செய்துகொண்டார். பாவம்.

"நாக்குல பின்பக்கம் மாவு மாதிரி படிஞ்சிருக்கு. ஈறும் வீங்கியிருக்கு. நாள்பட்டது சார். சரி பண்ணிடலாம். ஏன், அக்கம்பக்கத்துல யாருமே சொல்லலையா?"

அப்போதுதான் சுருக்கென்றது. அந்தக் கையெழுத்துகள்!

பதினாறு வீடு. அத்தனை பேரும் படித்தவர்கள். பாதிப் பேர் ஐ.டி. 'சார், ஒரு டாக்டரைப் பாருங்களேன்' என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஆனால் என் மூச்சிலிருந்து தப்பிக்க, ஒரு மனுஷனின் வேலைக்கே வேட்டு வைக்க மட்டும் பேனா வந்துவிட்டது. இதற்குப் பெயர் நாகரிகமா? வீட்டில் கேட்டால், "சொன்னா குதிப்பீங்க" என்கிறாள் மனைவி. குதித்தேன்தான்... உண்மையைச் சொன்ன ஒரே ஆளின் மேல்!

தீர்மானத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மோட்டார் ரூமுக்குப் போனேன். நான்கடி தள்ளி நின்று ரிப்போர்ட்டை நீட்டினேன்.

"நீங்க சொன்னது சரிதான் முனுசாமி. மெஷினே சொல்லிடுச்சு."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்துக்கு மெஷினு வேறயா? நான்தான் ஓசிலயே சொன்னேனே அண்ணாத்தே!"